அத்தியாயம் 6: கை பழகும் கட்டடம் – கல்லூரியில் சுகாதார அறிவியல் பயிற்சிக் கூடம் கட்டுவது எப்படி?

பல ஆண்டுகளாகக் கலை அறிவியல் கல்லூரியோ பொறியியல் கல்லூரியோ நடத்திவரும் ஓர் அறக்கட்டளை, இனி நர்சிங், பிசியோதெரபி, மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் போன்ற படிப்புகளையும் தொடங்கலாம் என்று முடிவெடுக்கிறது. நிலம் இருக்கிறது. வகுப்பறை, நூலகம், வேதியியல் ஆய்வகம் எல்லாம் கட்டிய அனுபவம் இருக்கிறது. அதே பொறியாளரைக் கூப்பிட்டு, அதே மாதிரி இன்னொரு பிளாக் போடச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும்.

அங்கேயே நிதானிக்க வேண்டும். வகுப்பறையில் மாணவர் உட்கார்ந்து கேட்கிறார். பயிற்சிக் கூடத்தில் அவர் நிற்கிறார், நடக்கிறார், கட்டிலைத் தள்ளுகிறார், கை கழுவுகிறார், ஊசி போடுகிறார், ஆளைத் தூக்கிப் புரட்டுகிறார். கூடவே ஓர் ஆசிரியர் அருகில் நின்று கையைப் பார்த்துத் திருத்துகிறார். இத்தனைக்கும் இடம் தரும் கட்டடம் வேறு வகையானது.

இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் ஒரே கேள்விதான் இருக்கிறது: ஒரு வேலையைத் தன் கையால் செய்து பார்க்க ஒரு மாணவருக்கு எத்தனை முறை வாய்ப்புக் கிடைக்கும்? சதுர அடி, கட்டில் எண்ணிக்கை, மேனிகின் எனப்படும் பயிற்சிப் பொம்மையின் விலை எல்லாவற்றையும் இந்தக் கேள்வியால் அளந்து பாருங்கள். ஆய்வுக்கு வருபவர்களின் பட்டியலை நிரப்புவதற்காக மட்டும் கட்டிய கூடம், அவர்கள் போன மறுநாளே பூட்டப்பட்டுவிடும். முதல் ஊசியை நோயாளியின் கையில் போட்டுத்தான் பழக வேண்டும் என்ற நிலை எந்த மாணவருக்கும் வரக்கூடாது. எந்த நோயாளிக்கும் வரக்கூடாது.

1. வரைபடத்துக்கு முன் இரண்டு பட்டியல்கள்

கட்டடக் கலைஞரைப் பார்க்கப் போகும் முன் இரண்டு பட்டியல்கள் தயாராக இருக்க வேண்டும்.

முதலாவது, திறன்களின் பட்டியல். பாடத்திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு, மாணவர் கையால் செய்து பழக வேண்டிய ஒவ்வொன்றையும் எழுதுங்கள். படுக்கை விரிப்பது, உடல் வெப்பம், நாடி, ரத்த அழுத்தம் பார்ப்பது, ஊசி, சலைன் ஏற்றுவது, சிறுநீர்க் குழாய் செருகுவது, பிரசவம் பார்ப்பது, பிறந்த குழந்தைக்கு மூச்சுக் கொடுப்பது என்று அது நீளும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயங்களை எழுதுங்கள்: ஒருமுறை செய்ய எத்தனை நிமிடம், எத்தனை பேர் சுற்றி நிற்க வேண்டும், தண்ணீர், மின்சாரம், வெளிச்சம் இவற்றில் எது தேவை.

இரண்டாவது, கால அட்டவணை. ஒரு கணக்கைப் பாருங்கள். 60 மாணவர்கள், நான்கு கட்டில்கள், இரண்டு மணி நேர வகுப்பு. ஒரு கட்டிலுக்கு 15 பேர். படுக்கையை முறையாக விரிக்க 15 நிமிடம் ஆகும் என்றால், இரண்டு மணி நேரத்தில் ஒரு கட்டிலில் எட்டுப் பேர் மட்டுமே செய்து முடிப்பார்கள். மீதி ஏழு பேர் பார்த்துவிட்டுப் போவார்கள். இதையே 20 பேர் கொண்ட மூன்று குழுக்களாகப் பிரித்து, பத்துக் கட்டில் போட்டால், ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். ஒவ்வொருவரும் அதே இரண்டு மணி நேரத்தில் நான்கு முறை செய்யலாம். பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று வைத்தால், 20 பேருக்கு இரண்டு ஆசிரியர்கள். மற்ற 40 பேரும் அந்த நேரத்தில் வேறு கூடத்திலோ நூலகத்திலோ வார்டிலோ இருக்க வேண்டும். ஆக, கூடத்தின் அளவை முடிவு செய்வது அட்டவணைதான். அட்டவணை போடாமல் கட்டடம் போடாதீர்கள்.

2. அனுமதிகள்

தமிழ்நாட்டில் நர்சிங் கல்லூரி தொடங்குபவர்கள் மாநில அரசு, இந்திய நர்சிங் கவுன்சில், மாநில நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் ஆகிய வாசல்களுக்குப் போக வேண்டியிருக்கும். பிசியோதெரபி, ஆய்வகத் தொழில்நுட்பம், கண் பரிசோதனை, கதிரியக்கத் தொழில்நுட்பம் போன்றவை 2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் வருகின்றன. இந்த அமைப்புகளின் விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. பக்கத்துக் கல்லூரி ஐந்து ஆண்டுக்கு முன் எதை வைத்து அனுமதி வாங்கியது என்பதை நம்பாமல், அந்த ஆண்டின் விதிமுறையை நேரடியாகப் படியுங்கள். 2021-இல் அரசிதழில் வெளியான பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் பருவ முறையைக் கொண்டுவந்ததோடு, செய்முறைக் கூடத்திலும் சிமுலேஷனிலும் (நிஜச் சூழலைப் போலவே அமைத்துப் பழகுவது) செலவிட வேண்டிய நேரத்தைப் பாடம்தோறும் பிரித்துக் காட்டுகிறது. உங்கள் திறன் பட்டியலுக்கு அதுவே அடிப்படை.

கட்டடத்துக்கென்று தனி வரிசை இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி திட்ட அனுமதி, தீயணைப்புத் துறையின் சான்று, கட்டட உறுதித்தன்மைச் சான்று, சுகாதாரச் சான்று, 1965-ஆம் ஆண்டின் பொதுக் கட்டட உரிமச் சட்டப்படி வட்டாட்சியர் தரும் உரிமம் ஆகியவை தேவைப்படும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு, ஒரு பொறுப்பாளர், காலாவதித் தேதி என்று முதல் நாளிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

3. இடம்

மருத்துவமனைக்கு அருகே இருப்பதுதான் முதல் தகுதி. நர்சிங் கல்லூரிக்கு 100 படுக்கைகள் கொண்ட சொந்த மருத்துவமனை, மாணவர் ஒருவருக்கு மூன்று நோயாளிகள் என்ற கணக்குகள் விதிமுறைகளில் இருப்பதற்குக் காரணம் உண்டு. வேலூரில் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனையில் 1909-இல் நர்சிங் பள்ளியும் 1946-இல் நர்சிங் பட்டப்படிப்பும் வந்தன. அங்கே மருத்துவமனை முதலில் வந்தது, பள்ளி அதன் மடியில் வளர்ந்தது. காலையில் கூடத்தில் பழகியதை மதியம் வார்டில் செய்து பார்க்க முடிந்தால்தான் கை நிலைக்கும். பேருந்தில் ஒரு மணி நேரம் போய்வர வேண்டியிருந்தால், ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரப் பயிற்சி சாலையிலேயே கரையும்.

மனையைப் பொறுத்தவரை, கட்டடத்தின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். நீண்ட சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்த்தால் நம் ஊர் வெயிலின் தாக்கம் குறையும். மேற்குப் பக்கத்தில் மாடிப்படி, கழிப்பறை போன்றவற்றை வையுங்கள். மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளம் சென்னைக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது: ஜெனரேட்டரையும் மின் பலகையையும் தரைக்குக் கீழே வைக்கக்கூடாது.

விடுதிக்கும் கூடத்துக்கும் இடையில் வெளிச்சமான, பாதுகாப்பான நடைபாதை போடுங்கள். மாலை நான்கு மணி முதல் ஏழு மணி வரை கூடம் திறந்திருந்து, மாணவிகள் தாங்களாகவே வந்து பழகிவிட்டுத் தைரியமாகத் திரும்பிப் போக முடிய வேண்டும். வகுப்பில் ஒருமுறை செய்ததை மாலையில் ஐந்து முறை செய்பவருக்குத்தான் கை படியும்.

4. அறை அறையாக

*நர்சிங் ஃபவுண்டேஷன் லேப்.* கூடத்தின் இதயம் இதுதான். நர்சிங் கவுன்சிலின் அளவுகோல்களில் இதற்கு 1,500 சதுர அடி என்பது நெடுநாள் வழக்கம். அதை எப்படிப் பங்கிடுவது? கட்டில் ஏறக்குறைய ஏழடி நீளம், மூன்றடி அகலம். இரண்டு கட்டில்களுக்கு நடுவே குறைந்தது நான்கடி விடுங்கள். ஒரு பக்கம் மாணவி குனிந்து வேலை செய்ய, டிரேயோடு டிராலி நிற்க, பின்னால் ஆசிரியர் நடக்க அந்த இடம் வேண்டும். கால்மாட்டில் ஐந்தடிப் பாதை. தலைமாட்டில் விடும் இடத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கட்டிலுக்குச் சுமார் 100 சதுர அடி. பத்துக் கட்டிலுக்கு 1,000 போக, மீதி 500 சதுர அடியில் செவிலியர் மேசை, கை கழுவும் இடம், ஆசிரியர் செய்துகாட்டும் மூலை, பொருள் அலமாரி.

கட்டில்களைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க இருபுறமும் ஆள் நிற்க வேண்டும். ஒவ்வொரு கட்டிலையும் சுற்றித் திரை போட உத்தரத்தில் தண்டவாளம் பொருத்துங்கள். நோயாளியின் மறைவைக் காப்பதும் கற்றுத்தர வேண்டிய திறன்தான். திரையை இழுத்து மூடிவிட்டு, “அம்மா, உங்களுக்கு முதுகு துடைச்சுவிடப் போறேன். கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க” என்று பொம்மையிடம் சொல்லிப் பழகிய மாணவி, வார்டிலும் திரையை இழுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாள்.

*கை கழுவும் இடம்.* உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறைப்படி சோப்புப் போட்டுக் கை கழுவ 40 முதல் 60 நொடி ஆகும். 60 மாணவர்களுக்கு இரண்டு தொட்டிகள் மட்டும் இருந்தால், ஒவ்வொருவரும் ஒருமுறை கழுவவே அரை மணி நேரம் போய்விடும். பிறகு யாரும் கழுவ மாட்டார்கள். கை கழுவாமல் வேலையைத் தொடங்கும் பழக்கம் இந்தக் கூடத்திலேயே ஊறிவிடும். 20 பேர் பழகும் அறைக்கு நான்கு தொட்டிகளாவது வேண்டும். முழங்கையால் திறக்கும் குழாய், ஆழமான தொட்டி, காகிதத் துவாலை, மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டி எல்லாம் உடன் இருக்கட்டும். தொட்டிகள் நுழைவாயிலிலேயே இருந்தால் நினைவூட்டலே தேவையில்லை.

*தாய் சேய் நலக் கூடம்.* பிரசவ மேசையின் கால்மாட்டில் ஆறடியாவது காலியாக இருக்க வேண்டும். பிரசவம் பார்ப்பவர், உதவியாளர், பார்த்துக் கற்பவர்கள் எல்லாரும் நிற்பது அங்கேதான். பிறந்த குழந்தை மூச்சு விடவில்லை என்றால் முதல் ஒரு நிமிடத்துக்குள் முகமூடியும் பையும் கொண்டு மூச்சுக் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்பது பயிற்சியின் அடிப்படை விதி. அதனால் குழந்தைக்கான மேசை அதே அறையில், இரண்டு மூன்று எட்டில் இருக்க வேண்டும். அடுத்த அறையில் வைத்தால், தவறான தூரத்தைத்தான் மாணவர் பழகுவார்.

*பிசியோதெரபி.* தோள் சக்கரம், சுவர் ஏணி, சஸ்பென்ஷன் ஃபிரேம் எல்லாம் ஆள் பலத்தைத் தாங்கும் சாதனங்கள். ஜிப்சம் தடுப்பில் மாட்டினால் பெயர்ந்து விழும். அந்தப் பக்கத்துக்கு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வேண்டும் என்று வரைபடத்திலேயே குறியுங்கள்.

*கண் பரிசோதனை.* நாற்காலிக்கும் எழுத்துப் பலகைக்கும் இடையே ஆறு மீட்டர் தூரம் வேண்டும். அவ்வளவு நீளம் இல்லையென்றால் மூன்று மீட்டரில் கண்ணாடி வைத்து, பலகையின் பிம்பத்தைப் பார்க்கும்படி அமைக்கலாம். அறை கட்டி முடித்த பிறகு இதை யோசிப்பவர்கள்தான் அதிகம்.

*எக்ஸ்ரே.* இயங்கும் கருவி வைப்பதானால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். அறையின் அளவு, சுவர்க் கனம், ஈயத் தகடு பதித்த கதவு எல்லாம் அவர்கள் விதிப்படி இருக்க வேண்டும். விண்ணப்பம் இ-லோரா என்ற இணையதளம் வழியாகச் செய்ய வேண்டும். ஆனால் நோயாளியை எப்படிப் படுக்க வைப்பது, கருவியை எந்தக் கோணத்தில் திருப்புவது என்பதைக் கற்றுத்தர கதிர்வீச்சே தேவையில்லை. எக்ஸ்ரே குழாய் கழற்றப்பட்ட பழைய கருவி ஒன்று கூடத்தில் இருந்தால் மாணவர்கள் அச்சமின்றி எத்தனை முறை வேண்டுமானாலும் பழகலாம். இயங்கும் கருவியை மருத்துவமனையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

*சிமுலேஷன் அறை.* இது ஒரே அறையாக இருந்து பயனில்லை. மூன்று அறைகளின் தொகுதி இது: நோயாளி படுத்திருக்கும் அறை, ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஆசிரியர் மேனிகினை இயக்கும் அறை, நடந்ததைப் பேசி அலசும் அறை. மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பத்து நிமிடக் காட்சிக்கு அதே அளவோ அதற்கு இருமடங்கோ நேரம் பேச வேண்டியிருக்கும். உண்மையில் கற்பது அப்போதுதான். வட்டமாக உட்கார நாற்காலி, ஒளிப்பதிவைப் போட்டுப் பார்க்கத் திரை, வெளியே சத்தம் போகாத கதவு இவை இருந்தால் போதும். ஒளிப்பதிவு யாரிடம் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்பதை எழுத்தில் சொல்லி மாணவர்களின் சம்மதம் வாங்குங்கள்.

*பேட்டி அறைகள்.* மருத்துவக் கல்லூரிகளுக்கு 2020-இல் வந்த விதிமுறை, செய்முறைக் கூடத்தில் நோயாளிகளையோ நோயாளியாக நடிப்பவர்களையோ பரிசோதிக்கக் குறைந்தது நான்கு அறைகள் வேண்டும் என்றது. நர்சிங்குக்கும் துணை மருத்துவப் படிப்புகளுக்கும் இதைப் பின்பற்றலாம். நோயாளி வேடம் ஏற்க ஆட்களுக்குப் பயிற்சி தரும் முறையை அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் 1963-இலேயே தொடங்கினார். இங்கே இதன் தேவை இன்னும் கூடுதல். பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது, நோயாளி தமிழில் பேசுகிறார். “பாட்டி, சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்னாடி ஊசி போட்டுக்கறீங்க?” என்று கேட்கவும், பாட்டி சுற்றி வளைத்துச் சொல்லும் பதிலில் தேவையானதைப் பிடிக்கவும் தனிப் பயிற்சி வேண்டும். ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் நாடகக் கலைஞர்களும் இருப்பார்கள். மரியாதையான ஊதியம் கொடுத்து அழையுங்கள்.

இதே அறைகள் தேர்வுக்கும் உதவும். ஓ.எஸ்.சி.இ. என்று இப்போது எல்லாக் கல்லூரியிலும் சொல்லப்படும் நிலையம் நிலையமாக நடக்கும் தேர்வு முறையை, ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் அவர் குழுவினரும் 1975-இல் வெளியிட்டார்கள். பத்து நிலையம், ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் என்றால், ஒரு சுற்றுக்கு இடைவெளியோடு சேர்த்து ஏறக்குறைய 55 நிமிடம். 60 மாணவர்களுக்கு ஆறு சுற்று. ஐந்தரை மணி நேரம். தேர்வு முடித்தவர்கள் காத்திருப்பவர்களைச் சந்திக்காமல் வெளியேற வேண்டும். ஆகவே நடைவழியின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும்படி அறைகளை வரிசைப்படுத்துங்கள். இரண்டு பக்கமும் வழி இல்லாத கூடத்தில் நேர்மையாக இந்தத் தேர்வை நடத்த முடியாது.

5. சுவருக்குள்ளும் தரைக்கடியிலும்

தரையில் சாதாரண டைல்ஸ் போட்டால் கட்டில் சக்கரம் ஒவ்வொரு இணைப்பிலும் தட்டும், இடுக்கில் அழுக்குச் சேரும். மருத்துவமனைகளில் போடும் இணைப்பு குறைந்த வினைல் விரிப்பு நல்லது. சுவரோரத்தில் அதை வளைத்து மேலேற்றினால் மூலையில் தூசி தங்காது. ஆனால் அடியிலுள்ள கான்கிரீட் நன்றாக உலரும் முன் விரித்தால் ஈரம் மேலேறி விரிப்பு உப்பிக்கொள்ளும். கடலோர மாவட்டங்களில் இதில் அவசரமே கூடாது.

நடைவழி எட்டடி அகலம் இருக்கட்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு மருத்துவமனைகளுக்குச் சொல்லும் 2.4 மீட்டர் அதுதான். கட்டிலையும் ஸ்ட்ரெச்சரையும் எதிரெதிரே தள்ளிப் பழக இது தேவை. கட்டில் போகும் கதவுகள் இரட்டைக் கதவாக இருக்கட்டும். சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் அமையட்டும். சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்கும் அது வழி, சக்கர நாற்காலி தள்ளப் பழகும் மாணவருக்கும் அதுவே பாடம்.

ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் நான்கு மின் இணைப்புகளாவது வேண்டும். நீட்டிப்பு வயர் தரையில் கிடந்தால் ஒருநாள் யாராவது தடுக்கி விழுவார்கள்.

அடுத்தது உயிர்ப் பிரச்சினை. வார்டில் இருப்பதுபோலவே சுவரில் ஆக்சிஜன் குழாய் முனைகள் வைத்தால் பயிற்சி உண்மையாக இருக்கும். பல சிமுலேஷன் கூடங்களில் அந்த முனையில் வருவது ஆக்சிஜன் அல்ல, அழுத்தப்பட்ட சாதாரணக் காற்று. தீ ஆபத்தும் செலவும் குறைவு என்பதால் அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூடத்தில் யாராவது மயங்கி விழுந்து, பதற்றத்தில் அந்த முனையில் முகமூடியை மாட்டினால்? ஒவ்வொரு முனையிலும் “பயிற்சிக்கு மட்டும் – இதில் ஆக்சிஜன் இல்லை” என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிதாக ஒட்டுங்கள். உண்மையான ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றும், முதலுதவிப் பெட்டியும் கூடத்தின் வாசலில் தனியாக இருக்க வேண்டும்.

இது வீண் பயமில்லை. 2014 இறுதியில் அமெரிக்காவில், மாணவர் பயிற்சிக்கென்று தயாரிக்கப்பட்ட, கிருமி நீக்கம் செய்யப்படாத சலைன் பைகள் தவறுதலாக மருத்துவமனைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் போய்ச் சேர்ந்தன. 40-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு அவை ஏற்றப்பட்டன. பலருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது, சிலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உங்கள் கல்லூரியும் மருத்துவமனையும் ஒரே வளாகத்தில், ஒரே ஸ்டோரில் பொருள் எடுப்பவை என்றால் இந்த ஆபத்து உங்கள் வாசலில் நிற்கிறது. பயிற்சிப் பொருளுக்குத் தனி ஸ்டோர், தனிப் பூட்டு, தனிப் பதிவேடு வையுங்கள். காலாவதியான மருந்தையும் சலைனையும் பயிற்சிக்குப் பயன்படுத்துவதானால், கூடத்துக்குள் வந்த உடனே சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டுவிடுங்கள். கூடத்தைவிட்டு அவை வெளியே போகவே கூடாது.

6. மேனிகின் வாங்குவது, காப்பது

பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சில் மேடம் து குத்ரே என்ற மருத்துவச்சி, துணியும் தோலும் வைத்துத் தைத்த, பெண்ணின் இடுப்புப் பகுதி மாதிரியோடு ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். மன்னர் பதினைந்தாம் லூயி 1759-இல் அவரை அந்தப் பணிக்கு நியமித்தார். 1960-இல் நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் அஸ்மண்ட் லேர்டால், மருத்துவர்களோடு சேர்ந்து உயிர்ப்பிக்கும் பயிற்சிக்கான ஆன் பொம்மையை உருவாக்கினார். இரண்டுமே ஒரு திறனை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அதனால்தான் பயன்பட்டன.

வாங்கும்போதும் அதே அளவுகோல்தான். கண் சிமிட்டி, பேசி, வியர்க்கும் விலையுயர்ந்த மேனிகின் ஒன்று வாங்குவதா, நெஞ்சழுத்தப் பழக எளிய பொம்மைகள் பல வாங்குவதா என்ற கேள்வி வரும்போது, முதலாண்டுக்கு இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு நெஞ்சை அழுத்தும் வேலையைக் கண்ணால் பார்த்துக் கற்க முடியாது, கை வலிக்கச் செய்துதான் கற்க வேண்டும். சில திறன்களுக்குக் கடையிலிருந்து எதுவுமே வாங்க வேண்டியதில்லை. ஸ்பாஞ்சில் தையல் பழகலாம், ஆரஞ்சுப் பழத்தில் ஊசி பிடிக்கும் விதம் பழகலாம்.

மேனிகினை வாங்குவதைவிடக் காப்பது கடினம். இங்கே செய்தித்தாளில் சுற்றி வைக்கும் வழக்கம் உண்டு. அச்சு மை பொம்மையின் தோலில் இறங்கிவிட்டால் எதைத் தேய்த்தாலும் போகாது. பந்துமுனைப் பேனாக் கோடும், போவிடோன் அயோடின் கறையும் அப்படித்தான். ஊசி போட வேண்டிய இடத்தைப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். அயோடினுக்குப் பதில் வெறும் தண்ணீரை வைத்துப் பழகட்டும். ரத்த நாளக் கை மாதிரிகளில் சாயத் தண்ணீரை அன்றன்றைக்கே வடித்து உலர்த்தாவிட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். மொட்டைமாடிக்கு நேர் கீழே, மேற்கு வெயில் படும் ஸ்டோரில் வைத்தால் இரண்டு கோடைக்குள் தோல் பிசுபிசுக்கும். ஆகவே ஸ்டோர் தரைத் தளத்தில், நிழல் பக்கத்தில், கூடத்தை ஒட்டியே இருக்கட்டும். மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கையாவது ஸ்டோருக்கு ஒதுக்குங்கள்.

விலைப்புள்ளி கேட்கும்போதே மாற்றுத் தோல், மாற்று நாளம், மாற்று நுரையீரல் பை இவற்றின் விலையையும் கேளுங்கள். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத் தொகையைச் சேர்த்து ஐந்து ஆண்டுச் செலவாகப் பார்த்து முடிவெடுங்கள்.

7. கழிவும் தீயும்

2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற நான்கு பிரிவும் கூடத்தின் ஒவ்வொரு பகுதியிலும் இருக்க வேண்டும். ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்கே போக வேண்டும். பொம்மைக்குப் போட்ட ஊசிதானே என்று யாராவது மூடியைத் திரும்ப மாட்டினால் அங்கேயே தடுத்துத் திருத்துங்கள். கூடத்தில் செய்வதைத்தான் வார்டிலும் கை செய்யும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். தமிழ்நாட்டில் கல்விக் கட்டடம் எழுப்பும் எவரும் அந்த நாளை மறந்துவிட்டு வரைபடத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. கட்டடத்தின் இரு முனைகளிலும் படிக்கட்டு, வெளிப்பக்கம் திறக்கும் கதவு, பூட்டப்படாத வெளியேறும் வழி இவற்றில் சமரசம் வேண்டாம். வாசலில் அவசரத்துக்கு வைத்த ஒன்றைத் தவிர மற்ற ஆக்சிஜன் சிலிண்டர்களைக் கட்டடத்துக்கு வெளியே, நிழலில், சங்கிலியால் கட்டி நிறுத்துங்கள். பருவத்துக்கு ஒருமுறை தீ ஒத்திகை நடத்துங்கள். நகர முடியாத நோயாளியை விரிப்போடு இழுத்து வெளியே கொண்டுவரும் பயிற்சியை அந்த ஒத்திகையோடு சேர்த்துவிடலாம்.

8. கூடத்துக்கு ஓர் ஆள்

எல்லாம் கட்டி, எல்லாம் வாங்கிய பிறகும் கூடத்தை வாழ வைப்பது ஒரு மனிதர்தான். முழுநேரப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். கருவிகளின் மேல் அக்கறையும், கையால் பழுது பார்க்கும் திறமையும் உள்ளவராக இருக்கட்டும். வகுப்புக்கு அரை மணி நேரம் முன்பே டிரேக்களை அடுக்கி வைப்பது, வகுப்புக்குப் பின் எண்ணிச் சரிபார்ப்பது, மாலை நேரத்தில் திறந்து வைப்பது அவர் பொறுப்பு. பொருள் தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்போம் என்று மிரட்டும் நிர்வாகத்தில், பொறுப்பாளர் எல்லாவற்றையும் பூட்டித்தான் வைப்பார். தேய்மானத்துக்கும் உடைசலுக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கிவிட்டால் அவர் தைரியமாகத் திறந்து விடுவார். பழகப் பழகத் தேய்வதுதான் பயிற்சிப் பொருளுக்கு அழகு.

திறப்பு விழாவுக்கு முன் சரிபார்க்க

1. 20 மாணவர்களையும் இரண்டு ஆசிரியர்களையும் அழைத்து, ஒரு முழு வகுப்பை நடத்திப் பார்த்தீர்களா? யார் எங்கே இடித்துக்கொள்கிறார்கள் என்று குறித்தீர்களா?
2. ஒரு கட்டிலை ஸ்டோரிலிருந்து கூடம் வரையும், மேல் தளத்திலும் அறைகள் இருந்தால் லிஃப்ட் வழியாக அங்கேயும் தள்ளிப் பார்த்தீர்களா?
3. எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து தண்ணீரின் வேகம் பார்த்தீர்களா?
4. மின்சாரத்தை நிறுத்தி, ஜெனரேட்டர் எடுக்கிறதா என்று பார்த்தீர்களா?
5. பயிற்சிக் குழாய் முனைகளிலும் பயிற்சி மருந்துகளிலும் எச்சரிக்கை ஒட்டியாயிற்றா?
6. கழிவு எடுக்க அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தோடு ஒப்பந்தம் முடிந்ததா?
7. மாலை நேரத் திறப்புக்கு ஆள் நியமித்தாயிற்றா?
8. உரிமங்களின் காலாவதித் தேதிகள் முதல்வர் அறையில் கண்ணில் படும்படி இருக்கின்றனவா?

இவற்றில் ஒன்று குறைந்தாலும் விழாவை ஒரு வாரம் தள்ளிப் போடலாம், தவறில்லை.

கூடம் திறந்து ஓராண்டு ஆனதும், நிர்வாகக் குழுவில் இருக்கும் நீங்களே ஒருநாள் மாலையில் அங்கே போங்கள். ஏதாவது ஒரு மாணவியிடம், “இந்த வேலையை எத்தனை முறை செய்திருக்கிறாய், அம்மா?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணிக்கைதான் உங்கள் முதலீட்டின் உண்மையான கணக்கு. அந்த எண்ணிக்கை குறைவாக இருந்தால், அடுத்த ஆண்டுப் பணத்தைச் சுவருக்கு வண்ணம் பூசச் செலவழிக்காதீர்கள். இன்னும் இரண்டு பொம்மை வாங்குங்கள், இன்னும் ஓர் ஆசிரியரை நியமியுங்கள், கூடத்தை இன்னும் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள்.